மூக்கருகில் வைத்த கை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சித்தி, சித்தப்பா, நான் மூவரும் சுகம். உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ, அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இன்ஜின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை உன் ஏஜெண்ட் ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வந்து சேருமோ, அது அவர்கள் பாடு.

போன வாரம் நீ போன் செய்தபோது பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறுந்து போகவில்லை, நான்தான் வைத்தேன். சித்தி வீட்டில் போன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்தப்பா செய்தி பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் என்னை நிற்க வைத்து, "அம்மா, உண்மையைச் சொல்லு, அப்பா மூக்கைப் பொத்தினியா?" என்று கேட்டாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, இதைக் கேட்டாய். வேறு யார் கேட்டிருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். நீ கேட்டதால் போனை வைத்துவிட்டேன்.

பதில் சொல்லிவிடுகிறேன். பொத்தவில்லை. இதற்கு மேல் படிப்பதும் கிழித்துக் கடலில் போடுவதும் உன் இஷ்டம்.

உன் அப்பாவின் குறட்டை நம் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்புச் சரக்காக இருந்தது உனக்கு நினைவிருக்கும். மாடியிலிருந்து அத்தை வீட்டு மாமா இறங்கி வந்து, தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனதை நீயே உன் நண்பர்களிடம் நடித்துக் காட்டுவாய். நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். உங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் படுத்தவளுக்கு அது நிற்பதும் கேட்கும்.

அவருக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்ததே தவிர, அதனால் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. சட்டைக் கம்பெனியின் கட்டிங் அறையில் துணி அடுக்கை வெட்ட வெட்டப் பஞ்சுத் தூசி பறக்கும். வீட்டுக்கு வந்ததும் தும்மல், தும்மல் நின்றதும் அடைப்பு. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மூக்குச் சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். இரண்டு சொட்டு விட்டால் கொஞ்ச நேரம் திறக்கும், பிறகு முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் இரண்டு சொட்டு. இப்படியே வருஷங்கள் போயின. படுத்தால் வாய் பிளந்துகொள்ளும். வாய் பிளந்ததும் மோட்டார் கிளம்பும். ஏறிக்கொண்டே போகும், ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நின்றுவிடும்.

நின்றால் நிம்மதி என்று நினைப்பாய். நெஞ்சு மேலும் கீழும் அடித்துக்கொள்ளும், ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று வராது. பூட்டிய கதவை ஒருவன் உள்ளிருந்து தள்ளுவதுபோல் இருக்கும். பிறகு உடம்பு தூக்கிப்போட்டு, ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். அப்படித் தூங்கியவர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

முதலில் தோளைப் பிடித்து உலுக்குவேன். "மனுஷனைத் தூங்க விடமாட்டியா? காலையில கத்தி புடிக்கிறவன் நான்" என்று எரிந்து விழுவார். ஒருமுறை தலையணையை எடுத்து என் மேல் வீசினார். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றால் உடனே எழுப்புவதில்லை. விரலை அவர் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். காற்று பட்டால் படுத்துவிடுவேன். படாவிட்டால்தான் உலுக்குவேன். திட்டு வாங்குவதைக் குறைக்க நான் கண்டுபிடித்த வழி அது.

நீ கேட்ட அந்த ராத்திரி காற்று படவே இல்லை. வழக்கத்தைவிட அதிக நேரமாகிவிட்டது. உதடு கறுத்துவிட்டது. பயத்தில் முகத்தையே பிடித்துத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து அவர் விழித்துக்கொண்டார். மூச்சுக் கிடைக்காமல் விழித்த மனுஷன், தன் முகத்தின் மேல் ஒரு கையைப் பார்த்தார். என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று கத்தினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு நிமிஷம் அப்படி நினைக்கலாம், தப்பில்லை. இவர் விடிந்த பிறகும் அதையே நினைத்தார். பல் துலக்கி, டீ குடித்து, சட்டை மாட்டிக்கொண்டு, மாடிக்குப் போய் அக்காவிடம் சொன்னார்.

அத்தை கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை நிற்க வைத்து விசாரித்தார். மாமா பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கை என்று அத்தை கேட்டார். நான் வலது கையை நீட்டிக் காட்டினேன். அதைக்கூட மறைக்கத் தெரியாத கொலைகாரி நான். அன்று மத்தியானம் நான் கொடுத்த தண்ணீரை அத்தை குடிக்கவில்லை. டம்ளரை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் உன் தங்கச்சி வீட்ல இரு, அவனுக்கு மனசு ஆறட்டும்" என்றார். அவருடைய மனசாம். உன் அப்பா ஜன்னலோரம் நின்று மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அண்ணாந்து இருந்ததால் என்னைப் பார்க்க வேண்டிய சங்கடமும் இல்லாமல் போயிற்று.

அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் சட்டை செக்கிங் வேலைக்குப் போய்த்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அது உனக்கே தெரியும். உன் அப்பா சொன்னதை நீ நம்பியதும் எனக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

மகனுக்கு,

உன் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும், கப்பலில் புதிதாக வந்த சமையல்காரரைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருந்தாய். பரவாயில்லை. அந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். சமையல்காரரையும் படித்தேன்.

இங்கே நடந்ததை அத்தை உனக்குத் தன் பாணியில் சொல்லியிருப்பார். நான் என் பாணியில் சொல்கிறேன்.

உன் அப்பா கட்டிங் மேஜையில் நின்றபடியே தூங்கிவிட்டார். கையில் ஓடுகிற மெஷின். முந்நூறு சட்டைக்கான துணி அடுக்கின் குறுக்கே கத்தி கோணலாக இறங்கி அவர் இடது கைவரை வந்துவிட்டது. இதைச் சித்தி வந்து சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. உன்னிடம் மறைப்பானேன்? நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இரும்புக் கையுறை போட்டிருந்தாரா என்று கேட்டேன். போட்டிருந்தாராம். சுண்டு விரலில் ஒரு கீறலோடு போயிற்று.

கம்பெனியில் அவர் குடித்துவிட்டு வந்தார் என்று நினைத்து வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். பெண்டாட்டி விட்டுப் போன சோகத்தில் குடிக்கிறார் என்று தையல் வரிசையில் பேசிக்கொண்டார்களாம். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். மூக்குச் சொட்டு தவிர. கடைசியில் மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்து, சரியாகும்வரை கத்தி மெஷின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் பட்டன் எண்ணுகிறார். கட்டிங் மாஸ்டர் என்று நிமிர்ந்து நடந்தவர்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தலையிலும் நெஞ்சிலும் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அத்தையிடம், ராத்திரி இவர் பக்கத்தில் படுப்பது யார் என்று டாக்டர் கேட்டாராம். யாரும் இல்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார். மனைவி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதும், இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. "மெஷின் ஒரு ராத்திரியத்தான் சொல்லும். பக்கத்துல படுத்தவங்க வருஷக்கணக்கா சொல்வாங்க. அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதனால்தான் அத்தை எனக்குப் போன் செய்தார். என் மேல் பிரியம் பொங்கி அல்ல.

போனேன். மூன்று நாற்காலி. டாக்டருக்கு எதிரில் நான், எனக்கு ஒரு பக்கம் அவர், மறு பக்கம் அத்தை. ஏறும் சத்தம், நிற்கும் சத்தம், உதடு கறுப்பது, தலையணை பறந்தது எல்லாம் சொன்னேன். சட்டையில் பிசிறு தேடிப் பழகிய கண் எனக்கு. ஒன்றையும் விடவில்லை. விரலை மூக்கருகில் வைத்துப் பார்ப்பேன் என்றும் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, தன் அம்மாவும் அப்பாவுக்கு அப்படித்தான் வைத்துப் பார்ப்பார் என்றார். இவர் மூச்சு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நிற்கிறது என்று ஒரு கணக்குச் சொன்னார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் உலுக்கியதெல்லாம் உபகாரம்தான் என்றார். அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

இது ஏன் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். உனக்கு என் பாஷையில் சொல்கிறேன். ஈரமான சட்டைக் கையின் ஒரு முனையை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார். மெதுவாக உறிஞ்சினால் காற்று வரும். இழுத்து உறிஞ்சினால் துணி ஒன்றோடொன்று ஒட்டி வழி மூடிக்கொள்ளும். தூங்கும்போது தொண்டை அந்த ஈரச் சட்டைக் கைதான். மூக்கு அடைத்திருந்தால் உள்ளே இழுக்கப் பலம் அதிகம் வேண்டும். இழுக்க இழுக்கத் தொண்டை ஒட்டும். மூக்கு ஆகாதென்று வாயைத் திறந்தால் தாடை பின்னால் போய், நாக்கும் பின்னால் விழுந்து, இருக்கிற வழியும் குறுகும். குறுகின வழி அதிர்வதுதான் குறட்டை. ஒட்டிக்கொண்டால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை.

உன் அப்பாவுக்கு மூக்கின் நடுச்சுவர் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதாம். சொட்டு மருந்து விட்டு விட்டு உள்சதையும் வீங்கிப் போயிருக்கிறது. அதைச் சரி செய்தால் எல்லாம் போய்விடுமா என்று அத்தை கேட்டார். போகாது என்றார் டாக்டர். மூக்கு ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் இல்லையாம். தொண்டை மூடாமல் இருக்க, ராத்திரி முழுக்கக் காற்றை மெல்ல ஊதும் ஒரு மெஷின் இருக்கிறது, குழாயோடு வரும் அதன் மாஸ்கை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றார். இவர் ஒரு வாரம் மாட்டிப் பார்த்திருக்கிறார். அடைத்த மூக்கில் காற்று எப்படிப் போகும்? பிடுங்கி எறிந்துவிட்டார். ஆகவே முதலில் ஆபரேஷன் செய்து மூக்கைத் திறப்பது, பிறகு அந்தத் திறந்த மூக்கில் மாஸ்கை மாட்டுவது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். எனக்கு நன்றாகப் புரிந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வெளியே படிக்கட்டில் இறங்கும்போது அத்தை என்னிடம் சொன்னார்: "எழுப்பி விட்டது சரிதான், நான் இல்லைங்கல. ஆனா அன்னிக்கு நீ எழுப்பினியா, அமுக்கினியான்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?" நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆட்டோவைப் பார்த்தார்.

ஆட்டோ வந்து நின்ற பிறகு, எப்போது வருகிறாய் என்று கேட்டார். அதே கூடத்தில், அத்தையையும் மாமாவையும் உட்கார வைத்து, என் மனைவி என்னைக் கொல்லப் பார்க்கவில்லை என்று ஒரு தடவை சொல்லுங்கள், அன்றைக்கே வருகிறேன் என்றேன். "நடந்தது நடந்து போச்சு. அதையே புடிச்சு நோண்டாத. வந்து படு, பாத்துக்க ஆள் வேணும்ல" என்றார். வந்து படு என்றாரே தவிர, வா என்று சொல்லவில்லை. நான் பஸ் ஏறி சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீயும் இதற்கு ஏதாவது எழுதுவாய். பெரிய மனசு பண்ணும்மா என்பாய். எழுதாதே. என் மனசின் அளவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா

*

மகனுக்கு,

எழுதாதே என்று சொல்லியும் பெரிய மனசு பண்ணச் சொல்லி எழுதிவிட்டாய். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன் அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கில் வைத்த பஞ்சு எடுத்து, வீக்கம் வடிந்து, இப்போது இரண்டு துவாரத்திலும் காற்று போகிறதாம். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு டீயின் வாசனை தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுகிறாராம். அதைக் கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுப்பது இப்போது அத்தை.

போன வாரம் அத்தை தானே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "இப்ப சத்தமே இல்ல. குழந்தை மாதிரி தூங்குறான். நீ இருந்தப்பதான் அவ்வளவு சத்தம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே போன் செய்தார் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுத்தள்ளு. மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பெட்டியில் போட்டுக் கட்டி பீரோவுக்கு மேல் வைத்தாயிற்றாம். மூக்கடைப்பும் போயிற்று, குறட்டையும் போயிற்று, இனி எதற்கு அந்தத் தும்பிக்கை என்று உன் அப்பா சொல்லிவிட்டாராம். மாமா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறாராம்.

யாரிடமும் சொல்லாமல் மறுநாளே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மூக்கு திறந்தால் சத்தம் குறையும், சில பேருக்கு நின்றே போகும், ஆனால் தொண்டை மூடுவது நின்றுவிட்டதென்று அர்த்தமில்லை என்றார். உன் அப்பா திரும்ப வந்து ஒயர் ஒட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அதுவரை மெஷினைப் போட்டே ஆக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாராம். இவர்கள் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஆபரேஷன் என்றால் பெரிய வைத்தியம், மாஸ்க் என்றால் சின்ன வைத்தியம் என்று அவர்கள் கணக்கு. பெரியது முடிந்த பிறகு சின்னது எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அத்தைக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அவர் பொரிந்து தள்ளினார். நிம்மதியாகத் தூங்குகிறவனைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாம். சத்தம் இருந்தாலும் குறை, சத்தம் நின்றாலும் குறை, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். உன் அப்பா வேலை முடிந்து பஸ் ஏறும் இடத்தில் காத்திருந்து அவரிடமே சொல்லிவிடலாம் என்று அடுத்த நாள் கம்பெனி நிறுத்தத்துக்குப் போனேன்.

உன் அப்பா அங்கே இருந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டம். எல்லோரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நிற்க, இவர் கம்பத்தில் சாய்ந்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். சாப்பாட்டுப் பை விரல் நுனிக்கு நழுவி முழங்காலருகில் தொங்கியது. வாய் மூடியிருந்தது. முன்னெல்லாம் பிளந்திருக்கும். ஆபரேஷனில் கிடைத்த லாபம் அதுதான். அவர் பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஒருவன் இவரைக் காட்டி ஏதோ சொல்ல, ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன்கூட எழுப்பவில்லை. பஸ் போய்விட்டது.

நானும் எழுப்பவில்லை. எதிர்ச் சாரியில் இருந்தேன். சாலையைக் கடந்தால் நாலு எட்டு. கை தூக்கி அவர் தோளைத் தொட வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கை எழவில்லை. நடுச்சாலையில் அவர் திடுக்கிட்டு விழித்து, என் கையைப் பார்த்துக் கத்தினால் என்ன செய்வேன் என்று பயந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸின் ஹாரனில் அவராகவே விழித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஏறிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது உன் பெரிய மனசு விஷயத்துக்கு வருகிறேன். நான் வீம்புக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய். முதலில் வீம்புதான். அவர் வாயால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது அது இல்லை. அவர் நாளைக்கே கூடத்தில் நின்று சொன்னாலும் நான் போக மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

நான் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவர் மூச்சு ஒருநாள் நின்று திரும்பாமலே போனால், அது என் கையால் நின்றதாகத்தான் அந்த வீடு சொல்லும். எந்த டாக்டர் எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் அத்தை அப்படித்தான் சொல்வார். மாமா தலையாட்டுவார். நீ ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் போட்டு, உண்மையைச் சொல்லும்மா என்று கேட்பாய். கேட்க மாட்டேன் என்று எழுதாதே. ஒருமுறை கேட்டவன் நீ. அந்தக் கேள்வியை இரண்டாவது தடவை கேட்க என்னால் ஆகாது. அதற்கு நான் இங்கேயே, சித்தியின் சமையலறைக்கு வெளியே பாய் போட்டு, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டுப் போகிறேன்.

நான் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனாலும் விட்டுவிட்டுப் போனவள் என்றுதான் சொல்வார்கள். தெரியும். அது பரவாயில்லை. அதையாவது தாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் நீ அவர் மகன். உன்னை அவர் கொலைகாரன் என்று சொல்ல மாட்டார். நீ முகத்தில் கை வைத்தால், பாசத்தில் வைத்தான் என்பார், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அதனால் இது உன்னால் ஆகிற வேலை, என்னால் ஆகாத வேலை.

வந்ததும் முதலில் பீரோ மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கு. டாக்டரிடம் நீயே அழைத்துப் போ. அத்தையைக் கூட்டிக்கொண்டு போகாதே, டாக்டர் சொல்வதை முழுதாகக் கேட்டு வா. அவரை மல்லாக்கப் படுக்க விடாதே, ஒருக்களித்துப் படுக்க வை, முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடு. மாஸ்கை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போடுவார். நீயும் போடு. இன்ஜினைக் கட்டி மேய்க்கிறவனால் ஒரு மனுஷனைக் கட்டி மேய்க்க முடியாதா? அவர் அதைப் போட்டுத் தூங்கப் பழகும்வரை நீ அவர் பக்கத்திலேயே படு. குறட்டை விட்டால் நீயும் தூங்கலாம். சத்தம் நின்றால் எழுந்துகொள். விரலை மூக்குக்குக் கீழே வை, மேலே படாமல். காற்று பட்டால் படுத்துக்கொள். படாவிட்டால் தோளைப் பிடித்து உலுக்கு. திட்டுவார், வாங்கிக்கொள். அடிக்கக் கை ஓங்கினாலும் வாங்கிக்கொள். நான் சொல்லித்தான் செய்கிறாய் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே, அந்த மாஸ்கை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவார்.

ஒப்பந்தம் முடிய நாளிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கேப்டனிடம் போய்க் கேள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யில்லை. அம்மாவுக்கு என்று சொன்னால்தான் விடுவார்கள் என்றால் அதையும் சொல், அதுவும் பெரிய பொய்யில்லை. இந்தக் கடிதம் உன்னைத் தேடி எத்தனை துறைமுகம் அலையுமோ தெரியாது. கிடைத்த அன்றைக்கே கிளம்பு.

நீ எங்கே படுத்தாலும் நன்றாக மூச்சு விட்டுத் தூங்க வேண்டும். உன் பக்கத்தில் யார் படுத்தாலும் அவர்களும் பயமில்லாமல் தூங்க வேண்டும். உன்னைத் திட்டித்தான் மூன்று கடிதமும் எழுதியிருக்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

சீக்கிரம் வா. வீட்டில் சத்தமே இல்லை என்கிறார்கள்.

அம்மா